பதினேழாம் நம்பர் தோல்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் பஞ்சுவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் டீ வருவதற்கு முன்னால் வதந்தி வந்துவிடும். இந்த மழைக்காலத்தில் அங்கே ஆறாமல் ஓடியது இதுதான்: இட்லிக்கார வேல்ராஜின் சம்சாரம் பிரேமலதா, வடாலாவில் ஒரு ஏசி ரூமுக்குள் வேறொரு ஆம்பளையோடு இருந்தாள். வேல்ராஜ் போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கத்தி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டான். அந்த ஆம்பளை யார் என்கிறீர்கள்? அதே மாட்டுங்கா லைனில் இட்லி விற்கிற பிரம்மநாயகம்.

முதல் வாரம் கதவைத் தட்டினான் என்றார்கள். இரண்டாம் வாரம் கதவு உடைந்தது. கணபதி பண்டிகை வருவதற்குள் வேல்ராஜின் கையில் ஒரு கத்தியும் முளைத்துவிட்டது. பிரம்மநாயகத்துக்கு உடம்பு வெந்ததே வேல்ராஜ் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியதால்தான் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பஞ்சு கடையில் ஓசி டீ குடிக்கிறவர்கள். பதிலுக்குக் கதையாவது கொடுக்க வேண்டுமே.

வடாலா நிஜம். ஏசி ரூம் நிஜம். வேல்ராஜ் கத்தியது நூற்றுக்கு நூறு நிஜம். பிரம்மநாயகம் உள்ளே இருந்தார் என்பதிலும் கொஞ்சம் நிஜம் இருக்கத்தான் செய்கிறது. முழு ஆளாக இல்லை, கொஞ்சமாக இருந்தார். அது எப்படி என்று முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வேல்ராஜுக்கு நாற்பத்தெட்டு வயசு. பிறந்தது, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது, கல்யாணம் கட்டியது எல்லாம் தாராவி கிராஸ் ரோட்டைச் சுற்றி அரை மைலுக்குள். காலை ஆறு மணிக்கு சைக்கிள் கேரியரில் இட்லி அண்டா, கைப்பிடியில் சட்னித் தூக்கு, பாம் பாம் என்று ஒரு ரப்பர் ஹாரன் சகிதம் மாட்டுங்காவுக்குக் கிளம்புவான். பத்து மணிக்கு அண்டா காலியாகித் திரும்புவான். ஆள் நல்லவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கெட்ட பழக்கம் பொறாமை.

சிலருக்குச் சாப்பிட்டால் நெஞ்சு எரியும். வேல்ராஜுக்கு அடுத்தவன் சாப்பிட்டால் எரியும். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் முதலில் வந்தால் எரியும். மச்சினன் பாண்டுப்பில் ஒன் பிஹெச்கே வீடு வாங்கியபோது பால் காய்ச்சும் விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். குக்கர் ரிப்பேர்க்காரனிடம் பிரேமலதா சிரித்துப் பேசினாள் என்பதற்காக, அதன்பிறகு குக்கர் கெட்டால் தானே கழற்றி மாட்ட ஆரம்பித்தான். மூன்று குக்கர் அப்படிப் போயிற்று.

அந்தப் பிரேமலதாவின் கையில்தான் அவன் வியாபாரமே இருந்தது. தாராவியில் இட்லி போடுகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அரைத்து முடித்த மாவில் உப்புப் போட்டு, கடைசியாகக் கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்க வேண்டும். கரண்டி ஆகாது. எந்தக் கை கலக்கினால் மாவு பொங்குகிறதோ, அந்தக் கைக்குத்தான் அந்த வீட்டில் அந்த வேலை. பிரேமலதா கலக்கினால் காலையில் மூடி தன்னால் எழுந்து நிற்கும். இருபத்திரண்டு வருஷம் அவள்தான் கலக்கினாள். இந்த ஜனவரியில் நிறுத்தினாள்.

அவள் பன்னிரண்டாவது படித்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வடாலாவில் ஒரு லேபில் குப்பி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அது தோல் வளர்க்கிற லேப். தீயில் வெந்து வருகிறவர்களின் உடம்பில் வேகாத இடம் எங்கேயாவது கொஞ்சம் இருக்கும், அக்குளோ தொடையிடுக்கோ. அங்கிருந்து தபால்தலை அளவுக்குத் தோலை வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அதை ஒரு மருந்தில் ஊறவைத்து, கண்ணுக்குத் தெரியாத செல் செல்லாகப் பிரித்து, பிளாஸ்டிக் குப்பிகளுக்குள் பரப்பி, மனுஷ உடம்பின் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். ரோஸ் சர்பத் நிறத்தில் ஒரு தண்ணீர்தான் அதற்குத் தீனி. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், ரயில் ஓடாத மழை, எதுவும் அதற்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு மேல் கொஞ்சம் போனால் பாலாடை மாதிரி வளர்ந்து நிற்கும். தபால்தலை ஒரு ஆளின் நெஞ்சையும் முதுகையும் மூடுகிற அளவுக்குப் பெருகிவிடும். அதைத் துணியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புண்ணின் மேல் வைப்பார்கள். அவரவர் சொந்தத் தோல் என்பதால் உடம்பு தள்ளாது. அதுவரைக்கும், செத்தவர்கள் தானமாகக் கொடுத்த தோலைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

எட்டு வருஷம் குப்பி கழுவிய பிரேமலதாவின் கை நடுங்காத கை என்பதை லேபைப் பார்த்துக்கொள்ளும் அஃப்ஷா மேடம் கவனித்தார். பழக்கினார். ஜனவரியில் தீனி போடுகிற வேலையையே கொடுத்துவிட்டார். கூடவே ஒரு கண்டிஷன்: இனி வீட்டில் மாவில் கை வைக்கக் கூடாது. இட்லி மாவைப் பொங்க வைக்கிற கிருமி அந்தக் குப்பிக்குள் ஒரு துளி போனால் போதும். சர்பத் மஞ்சளாகும், கலங்கும், தோல் செத்துப்போகும்.

வேல்ராஜுக்கு இது தலையில் ஏறவில்லை.

“ஏட்டி, ஒரு நாள் கலக்கிட்டுப் போனா என்னட்டி? சோப்புப் போட்டுக் கழுவிக்கிட வேண்டியதுதான?”

“நகத்துக்குள்ள இருக்கும்ங்க. அஃப்ஷா மேடம் மைக்ராஸ்கோப்புல காட்டினாவ. நம்ம மாவு அதுல பாத்தா திருச்செந்தூர் சஷ்டிக் கூட்டம் மாதிரி இருக்கு.”

“அப்ப நம்ம மாவு அழுக்கா?”

“அழுக்குன்னு யாரு சொன்னா? அதுக்கும் உயிரு இருக்கு. அங்க இன்னொரு உயிரு இருக்கு. ரெண்டையும் ஒண்ணா விட்டா நம்ம மாவுதான் ஜெயிக்கும்.”

அதிலிருந்து வேல்ராஜே கலக்கினான். மாவு அவனைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. எவ்வளவு கலக்கினாலும் காலையில் பானையின் பாதியில் படுத்துக் கிடந்தது.

பிரேமலதா தன் உடுப்பிலும் மாவு பட விடமாட்டாள். லேப் கவுனுக்குள் போடுவதற்கென்று ஒரு பருத்தி செட் வைத்திருந்தாள். அதைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து, மடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அலமாரி உச்சியில் வைப்பாள். அந்தக் கவரை வீட்டில் யாரும் தொடக்கூடாது. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். ஆக, யார் தொடக்கூடாது என்பது வேல்ராஜுக்கு நன்றாகத் தெரிந்தது.

வெந்தவர்களுக்கு லேபில் பெயர் கிடையாது, நம்பர்தான். சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்த நம்பர்களைப் பற்றித்தான் பேசுவாள். பன்னிரண்டு நல்லா வளருது, பதினாலு சோம்பேறி, பதினாறை நேற்று வார்டுக்கு அனுப்பியாச்சு, பிடித்துக்கொள்ளும் போலத் தெரிகிறது. வேல்ராஜ் சோற்றைப் பிசைந்தபடி கேட்பான்.

“பதினாறு ஆம்பளையா, பொம்பளையா?”

“தோலுங்க.”

“அதான் கேக்கேன், ஆம்பளத் தோலா பொம்பளத் தோலா?”

“குப்பியில கெடக்கும்போது எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கருப்புமில்ல, செவப்புமில்ல.”

“ஆம்பளத் தோலாத்தான் இருக்கும்,” என்று தானாக முடிவு செய்துகொண்டு ரசத்துக்குப் போவான்.

இந்த இடத்தில் பிரம்மநாயகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. மாட்டுங்காவில் ஒரே பில்டிங்கில் வேல்ராஜ் முன்கேட்டில் ஹாரன் அடித்தால் அவர் பின்கேட்டில் அடிப்பார். பொறாமைக்கு அதுவே போதும். ஆனால் அதற்கு முந்தின கதை ஒன்று இருந்தது. பிரேமலதாவை முதலில் பெண் பார்க்க வந்தவர் அவர். கேசரி சாப்பிட்டார், பஜ்ஜி சாப்பிட்டார், இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் ஆள் விட்டு, பொண்ணு நிறம் கம்மி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு மூன்று மாசம் கழித்துத்தான் வேல்ராஜ் வந்தான், கட்டினான். வேண்டாம் என்று போனவரிடம் இவனுக்கு என்ன பொறாமை என்று நீங்கள் கேட்பீர்கள். வேல்ராஜின் நியாயம் வேறு. அந்த ஆள் முதலில் பார்த்துவிட்டாரே! இருபத்திரண்டு வருஷமாக அது அவனுக்கு ஆறவே இல்லை.

ஜூன் மாசம் ஒரு காலை, பிரம்மநாயகம் இட்லி அவித்துக்கொண்டிருந்தபோது சிலிண்டர் டியூப் பற்றிக்கொண்டது. நைலான் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. நெஞ்சு, முதுகு, இரண்டு கையும் போயிற்று. பர்ன்ஸ் வார்டில் படுத்தார். வேல்ராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் கலங்கத்தான் வந்தான். பொய்யில்லை. பொறாமைக்காரனுக்கும் கண்ணில் தண்ணீர் உண்டு. வெளியே வந்ததும், மாட்டுங்கா லைன் முழுக்க இனி நமக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்ததும் பொய்யில்லை.

ஜூலையில் ஒரு நாள் சாப்பிடும்போது பிரேமலதா, “செவ்வாக்கிழம பதினேழு வந்திருக்கு” என்றாள். வேல்ராஜின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“பதினேழு பிரம்மநாயகந்தான?”

“எனக்கு நம்பருதான் தெரியும்.”

“செவ்வாக்கிழமதான் அவனுக்கு அக்குள்ல தோலு எடுத்திருக்காவ. ஊரு பூராத் தெரியும்.”

“அப்ப அதுவாத்தான் இருக்கும். சோத்தத் தின்னுங்க.”

“உன்னக் கருப்பின்னுட்டுப் போன பயலுக்கு நீ தோலு வளக்கியா?”

“வளந்து வரட்டும். எத்தன செவப்புன்னு பாப்போம்,” என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் வேல்ராஜுக்கு ஆகவில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். சிரித்தால் என்ன அர்த்தம்? அவனுக்கு அது தோல் என்று தெரியாமல் இல்லை. குப்பிக்குள் கிடக்கிற ஒரு பாலாடை, கண் இல்லை, மீசை இல்லை என்பதெல்லாம் தெரியும். இருந்தும் அவன் வீட்டு மாவைத் தொடாத கை அங்கே பிரம்மநாயகத்தின் நெஞ்சுக்கும் முதுகுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போடுகிறது என்று நினைத்தாலே தொண்டைக்குள் புளித்தது. கல்யாண நாளன்று தாதரில் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து வந்தான். “இன்னைக்குப் பதினேழுக்குப் பசிக்கும்ங்க” என்று கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேல்ராஜ் ஷாகுல் ஹமீதைக் கூட்டிக்கொண்டு படம் பார்த்தான். ஷாகுல் ஹமீது பக்கத்துச் சந்தில் லெதர் பை தைக்கிற காலா, அதாவது சின்னப் பட்டறை, வைத்திருப்பவர், பழைய சினேகிதர். இடைவேளையில் அவரிடம் கொட்டினான்.

“பாய், நீரு தோல் யாவாரம். சொல்லும். ஒரு பொம்பள ஒருத்தன் தோல மூணு வாரம் வளத்தா, அப்புறம் அந்தத் தோலு யாருது?”

“போட்டிருக்கிறவனுது, மாப்ள.”

“வளத்தவளுக்கு ஒண்ணுமில்லயா?”

“நான் தச்ச பையிலதான் பாதி பாந்த்ராக்காரன் ஆபீஸ் போறான். அத்தனை பேரும் எனக்கு உறவா? வாயில பாப்கார்னப் போடும்.”

அன்று தணிந்த எரிச்சல் ஒரு வாரம்தான் தணிந்திருந்தது.

ஒரு புதன்கிழமை. மாட்டுங்காவில் மூன்றாம் மாடி மாமி, வேல்ராஜ் கொடுத்த இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போகவில்லை.

“என்ன வேல்ராஜ், இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கே. அந்தப் பிரம்மநாயகம் எப்போ வருவார், தெரியுமோ?”

படுத்துக் கிடக்கிறவனையா கேட்பாள்! அண்டாவில் பாதி இட்லியோடு வேல்ராஜ் திரும்பி வந்தான். பிரேமலதா மோரி என்கிற குளியல் மூலையில் குளித்துக்கொண்டிருந்தாள். சளி பிடித்திருந்தது, இருமிக்கொண்டே குளித்தாள். மாவுப் பானையைக் கழுவலாம் என்று அவன் கையை விட்டான். மாவு பிசுபிசுவென்று படுத்திருந்தது. நிமிர்ந்தான். அலமாரி உச்சியில் கவர்.

என்ன நினைத்தான் என்று அவனுக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது. பிரம்மநாயகத்தைச் சாகடிக்க நினைக்கவில்லை, அது நிச்சயம். இந்த வீட்டு மாவு ஒரு தடவையாவது அவள் மேல் பட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஜிப்பைத் திறந்தான். மாவுக் கையால் சட்டைக் கையின் ஓரத்தைத் தடவினான். மடித்தபடியே மூடி வைத்தான். மோரிக் கதவு திறக்கும்போது பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கவரை எடுத்துக்கொண்டு மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்தாள். மூக்கு அடைத்திருந்ததால் வாசனை தெரியவில்லை.

மத்தியானம் ஷாகுல் ஹமீது வாசலில் வந்து நின்றார்.

“வார்டுக்குப் போயிட்டு வாரேன் மாப்ள. வெள்ளிக்கிழம அவருக்குத் தோலு வைக்காவளாம். தொடையில இருக்கிறத உரிச்சா எல்லா எடத்துக்கும் காணாதாம். உம் பெஞ்சாதி வளக்குறதுதான் கதின்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

வேல்ராஜ் அவர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“பிரம்மநாயகம் என்ன சொன்னாருன்னு கேளும். ‘வேல்ராஜ் பெஞ்சாதி கையில இருக்கேன், எனக்குப் பயமில்ல. அந்தக் கைக்கு மாவே அப்படிப் பொங்கும், எந்தோலு வளராதா’ங்காரு. அவரு பெஞ்சாதி அழுதிட்டா.”

வேல்ராஜ் குனிந்து தன் கையைப் பார்த்தான். காலையில் ஒட்டிய மாவு முழங்கை மயிரில் காய்ந்திருந்தது. சொறிந்தான். வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்து லுங்கியில் விழுந்தது. இதே பொடி இந்நேரம் எங்கே உதிர்ந்துகொண்டிருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

லுங்கியோடு ஓடினான். மாஹிமில் வண்டி ஏறி, கிங்ஸ் சர்க்கிள் தாண்டுவதற்குள் முருகனை நாற்பது தடவை கூப்பிட்டான். வடாலாவில் லேப் கேட்டில் வாட்ச்மேன் அவனை நிறுத்தினான். அந்த வாட்ச்மேன் பாண்டுப்பில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவன், தமிழ் பாதி புரியும். அந்தப் பாதிதான் பின்னால் இவ்வளவு வம்பையும் செய்தது. வேல்ராஜ் அவன் கைக்கடியில் புகுந்து மாடிக்கு ஓடினான்.

நடை முடிவில் கண்ணாடிக் கதவு. உள்ளே இன்னொரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் தொப்பியும் மாஸ்க்கும் கவுனுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதும். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி ஒரு குப்பியைச் சாய்த்துப் பிடித்து, சர்பத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தாள். அந்த அவசரத்திலும் வேல்ராஜுக்கு ஒரு கணம் நெஞ்சு எரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நமக்கு ஒரு டீயை இப்படி ஊற்றியிருக்கிறாளா?

பிறகு கதவைத் தட்டிக் கத்தினான்.

“பிரேமா! அவனத் தொடாத! விட்டுட்டு வெளிய வா! அவனத் தொடாதட்டி!”

வாட்ச்மேன் கேட்டான். பெருக்குகிற அம்மாள் கேட்டாள். பக்கத்து ஆபீஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பிரேமலதா குப்பியை மூடிவிட்டுத்தான் திரும்பினாள். வேல்ராஜ் கண்ணாடியோடு ஒட்டி நின்றான். தன் முழங்கையைத் தூக்கிக் காட்டினான். அதைத் தடவிக் காட்டினான். அவளைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். கவுனுக்கும் கிளவுஸுக்கும் நடுவே பருத்திச் சட்டையின் ஓரம் வெளியே வந்திருந்தது. அதில் வெள்ளைத் திட்டு. மேஜையில் வெள்ளைப் பொடி.

அவள் கத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கல்லாக உட்கார்ந்து, அஃப்ஷா மேடத்தைக் கூப்பிட்டாள். பதினேழுக்கு மொத்தம் பதினோரு குப்பி. அவள் அதுவரை திறந்தது நான்கு. அந்த நான்கையும் தனிப் பெட்டிக்கு மாற்றினார்கள். திறக்காத ஏழுக்கு அஃப்ஷா மேடம் வேறு ரூமில் வைத்துத் தானே தீனி போட்டார். தமிழ் தெரியாத அந்த அம்மாள், யார் செய்தது என்று கேட்டதற்குப் பிரேமலதா ஹிந்தியில் ஒரே வரி சொன்னாள்: என் வீட்டிலிருந்து வந்தது, என் தப்பு.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“நாலுல ரெண்டு கலங்கிப்போச்சு. உங்க மாவு அங்க நல்லாப் பொங்கிருக்கு.”

வேல்ராஜ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“மத்த ரெண்டும்?”

“அதையும் கொட்டியாச்சு. யாரு நம்பி வைப்பா? ஏழு குப்பி நெஞ்சுக்கும் முதுகுக்கும் வலது கைக்கும் வரும். எடது கைக்குக் கெடையாது. தொடையில உரிச்சு வலை மாதிரி இழுத்து ஒட்டுவாவ. தொடையிலயும் புண்ணு, கையிலயும் புண்ணு.”

“என்னைய ஏன் சொல்லல நீ?”

“சொன்னா அவரு பெஞ்சாதி நம்ம வாசல்ல வந்து நிப்பா. நீங்க மாட்டுங்காவுல ஹாரன் அடிக்க முடியுமா? எனக்குக் குப்பி கழுவுறது புதுசா?”

அவளை மறுபடி குப்பி கழுவத்தான் போட்டார்கள். தீனி ரூமுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, எப்போது என்று பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரேமலதா வீட்டில் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஒன்று மட்டும் சொன்னாள்: “இந்த வீட்டுல ஒண்ணு நான் இருப்பேன், இல்ல மாவு இருக்கும்.” மறுநாளே கிரைண்டரும் பானையும் ஷாகுல் ஹமீதின் சந்தில் காலியாகக் கிடந்த ஒரு சின்ன காலாவுக்குப் போயின. வேல்ராஜ் அங்கேயே அரைத்து, அங்கேயே கலக்கி, அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். நாள் போகப் போக மாவும் அவன் கைக்குப் பழகியது. மூடி எழுந்து நிற்காது, ஆனால் மாமியின் விரல் உள்ளே போகும்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அவனுக்குக் கஷ்டம். பிரேமலதா நம்பர் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் நம்பர் இல்லை.

இதற்கிடையில் வாட்ச்மேன் தனக்குப் புரிந்த பாதித் தமிழை ரயிலேற்றி அனுப்ப, அது பஞ்சு கடையில் வந்து இறங்கி முழுத் தமிழானது. தப்பு பண்ணாத பொம்பளையை எதற்குத் திரும்பவும் குப்பி கழுவப் போட வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். பதில் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி சொல்லமாட்டேன் என்றிருந்தாள். இன்னொருவன் டீயைக் கடகடவென்று குடித்துவிட்டு இடத்தைக் காலி செய்தான். காய்கறி வாங்கப் போனால் பிரேமலதாவைப் பார்த்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

தீபாவளி கழிந்து ஒரு காலை பதினொரு மணிக்குப் பிரம்மநாயகம் பஞ்சு கடைக்கு வந்தார். உடம்போடு ஒட்டின இறுக்கமான சட்டை போட்டிருந்தார். இன்னும் ஒரு வருஷம் போட வேண்டுமாம். கூட்டம் கூடிவிட்டது. ஷாகுல் ஹமீதும் வந்தார். அண்டாவோடு வந்து நின்ற வேல்ராஜுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

“காட்டும் வே, காட்டும்,” என்றார்கள்.

பிரம்மநாயகம் பெருமையாகவே ஜிப்பை இறக்கினார். நெஞ்சு மொழுமொழுவென்று இருந்தது. ஒரு மயிர் இல்லை. சில இடம் சிவப்பு, சில இடம் அவருடைய பழைய நிறத்தைவிட இரண்டு மடங்கு கருப்பு. ஷாகுல் ஹமீது தொழில்காரர் என்ற முறையில் குனிந்து பார்த்து, “ஃபர்ஸ்ட் கிளாஸ் ஃபினிஷிங்” என்றார். வேல்ராஜும் பார்த்தான். ஒவ்வொரு அங்குலமும் அவளுக்குத் தெரியும் என்று நினைத்தான். எரிந்தது. இவ்வளவுக்கு அப்புறமும் எரிந்தது.

பிரம்மநாயகம் இடது கையை நீட்டினார். அது வேறு தினுசு. மீன் வலையை ஒட்டின மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது.

“இது மட்டும் வளரலன்னுட்டாவ. தொடையில உரிச்சு ஒட்டினது. தொடையும் அரிக்கி, கையும் அரிக்கி. மத்தது பூரா பிரேமலதா புண்ணியம்.”

பஞ்சு டீயை ஆற்றியபடி கண்ணைச் சிமிட்டினான்.

“அண்ணாச்சி, அது கெடக்கட்டும். வடாலாவுல ஏசி ரூமுல ஒம்மக் கையும் களவுமாப் பிடிச்சதாச் சொல்லுதாவளே?”

பிரம்மநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. “என்னையா? நான் அப்ப வார்டுல குப்புறக் கெடந்தேன் வே. ஒண்ணுக்குப் போவ ரெண்டு ஆளு வேணும்.”

“அப்ப வேற எவனோ,” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். “நெருப்பில்லாமலா புகையுது? குப்பி கழுவ ஏன் போட்டாவ?”

எல்லாரும் வேல்ராஜைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பிரம்மநாயகம் வலைக் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஷாகுல் ஹமீது, “சல், விடுங்கப்பா” என்றார். இன்னொரு தடவை டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். டீ கையில்தான் இருந்தது. வேல்ராஜ் கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

“எவனும் எவகூடயும் இல்ல. உள்ள இருந்தது இவரு தோலு. எனக்குப் பொறாம, எம் பொண்டாட்டி துணியில மாவத் தடவிவிட்டேன், அதுல இவரு தோலு கெட்டுப்போச்சு. அண்ணாச்சி, அந்தக் கை வளராமப் போகல, நாந்தான் கெடுத்தேன். அடிக்கணும்னா அடியும். ஆனா பஞ்சு, இனிமே இந்தக் கடையில கத சொன்னா என் பேரப் போட்டுச் சொல்லு, அவ பேரப் போடாத.”